டாங்கிப் பட்டையின் ஊசி

காலை ஒன்பது நாற்பதுக்குப் பெட்டியைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது, என் மாடல் டாங்கியின் சக்கரங்களைவிட்டு அறுந்து கிடந்த பட்டை. ஸ்கூடாய் மண்டபத்தில் நடக்கும் மாடல் போட்டிக்குப் பத்து மணிக்கு நடுவர்கள் வருவார்கள்.

டாங்கியோடு வந்த ரப்பர் பட்டை விறைப்பாக நின்றதால், உலோகப் பட்டையைத் தனியாக வாங்கி மாட்டியிருந்தேன். அது நிஜம்போல் தொய்ந்து படியும். அதன் கண்ணிகளை மெல்லிய கம்பி ஊசிகள் இணைக்கின்றன. கூலாயில் உள்ள வீட்டிலிருந்து வரும் வழியில் ஓர் ஊசி உருவி விழுந்திருந்தது. பெட்டியைத் துழாவியும் கிடைக்கவில்லை.

"செயின் அறுந்திருச்சா?" என்றார் பக்கத்து மேசைப் போட்டியாளர். முன்பின் தெரியாத பெண்.

"ஊசியக் காணோம்ங்க."

"அலமாக்! இன்னைக்குன்னு பார்த்தா?"

தன் டாங்கியின் பட்டையிலிருந்து ஓர் ஊசியை இடுக்கியால் உருவி நீட்டினார்.

"அப்ப உங்களுக்கு?"

"என்னோடது சேத்துல மாட்டுன மாதிரி செஞ்ச டாங்கி லா. அடியில யாரு பார்க்கப் போறா? சீக்கிரம் மாட்டுங்க."

இரண்டு முறை நழுவி, நடுவர்கள் உள்ளே வந்தபோதுதான் ஊசி ஏறியது.

ஒரு நடுவர் அந்தப் பெண்ணின் டாங்கியின் அடியில் டார்ச் அடித்தார். விலகிய கண்ணிகளைப் பார்த்து முகம் சுளித்தார். அந்த ஊசி என் டாங்கியில் இருக்கிறது என்று மலாயில் சொன்னேன்.

"வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருங்களேன்," என்றார் அந்தப் பெண் என்னிடம், தமிழில்.

எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை.