முதுகுக்கு மலை, முகத்துக்குத் தண்ணீர்

எங்கள் வீட்டுக்கு ஃபெங் சுயி என்ற சீனத்து மனையடி சாத்திரத்தைக் கொண்டுவந்தது மாமிதான். மாமி என்றால் அம்மாவின் தம்பியைக் கட்டியவள். மலேசியாவில் ஈப்போவில் பிறந்தவள். லண்டனுக்குப் படிக்க வந்து, படிப்பு முடிந்ததும் கணக்காய்வு நிறுவனமொன்றில் வேலை தேடிக்கொண்டாள். அதே வேகத்தில் என் மாமாவையும் தேடிக்கொண்டாள் என்பது அம்மாவின் கருத்து. இருவரும் யாருக்கும் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்திருந்தார்கள். அதனால் அம்மா மாமியை "நீங்கள்" என்று அழைத்தாள். வெளியாருக்கு அது மரியாதையாகத் தெரியும். தன்னைவிட வயதில் குறைந்த ஒருத்தியை அம்மா "நீங்கள்" என்கிறாள் என்றால், அவளை இன்னும் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறாள் என்றுதான் பொருள்.

2009ஆம் ஆண்டு எனக்கு ஒன்பது வயது. லண்டனில், கோலியர்ஸ் வுட்டில், ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பா ஜெர்மனியில் பல வருடங்கள் இருந்துவிட்டு இங்கே வந்து, நண்பர் ஒருவரோடு சேர்ந்து பலசரக்குக் கடை நடத்தினார். அம்மாவின் ஒரே தங்கை, என் சித்தி, இலங்கையில், போர் நடந்த வன்னியில் இருந்தாள். அந்த வருடத் தொடக்கத்தில் அவளுடைய தொலைபேசி அழைப்புகள் நின்றுபோயின. அப்பா கடையை நண்பரிடம் விட்டுவிட்டுப் பாராளுமன்றத்துக்கு முன்னால், போரை நிறுத்தச் சொல்லிச் சனத்தோடு சனமாக நிற்கப் போனார். அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தாள். படுக்கையறையில், கட்டிலுக்கு நேர் எதிரே அது இருந்தது. தமிழ்ச் செய்தி திரும்பத் திரும்ப ஓடும். அம்மா கட்டிலில் சாய்ந்தபடி, ஓடுகிற சனத்தின் முகங்களில் சித்தியைத் தேடிக்கொண்டிருப்பாள். நான் பள்ளிக்கூடம் போகும்போதும் அப்படியே இருப்பாள், வரும்போதும் அப்படியே இருப்பாள்.

அக்காவைத் தனியே விடக்கூடாது என்று மாமா, மாமியையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். மாமாவுக்கு ஒழுங்கில்லாத ஷிப்ட் வேலை. ஆகவே வீட்டில் பெரும்பாலும் இருந்தது மாமிதான்.

வந்த முதல் கிழமை ஏழு நாளும் மாமி ஒன்றும் சொல்லவில்லை. வீட்டை மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அடுத்த கிழமை தொடங்கினாள். வாசலில் மலைபோலக் குவிந்திருந்த செருப்புகள் அலுமாரிக்குள் போயின. கழிவறையின் மூடியைத் திறந்து வைத்தால் செல்வம் ஓடிவிடும் என்றாள். முன்கதவும் பின்கதவும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் வருகிற நல்லது நிற்காமல் அப்படியே வெளியே போய்விடும் என்று, நடுவில் ஒரு பூச்செடிச் சட்டியை வைத்தாள். அப்பா அதில் கால் இடறிக்கொண்டார். தான் வரும்போதெல்லாம் தடுக்கப்படுவதே தவிர, செல்வம் எதுவும் தடுக்கப்பட்டு நின்றதாகத் தெரியவில்லை என்றார்.

அதன்பின் மாமி படுக்கையறைக்கு வந்தாள். கட்டிலுக்கு எதிரே உள்ள தொலைக்காட்சி, அணைத்தாலும் கண்ணாடிதான். கண்ணாடிக்கு முன்னால் உறங்குகிறவரின் உயிர்மூச்சு அமைதியடையாது, அதை வெளியே எடுக்க வேண்டும் என்றாள். கட்டிலின் கால்மாடு கதவைப் பார்த்திருப்பதும் ஆகாது. தலைமாட்டுக்குச் சுவர் வேண்டும், யன்னல் கூடாது.

அன்றைக்குத்தான் அப்பாவுக்குக் கோபம் வந்தது. நாள் முழுக்க வெளியில் நின்று தொண்டை கட்டிப்போய் வந்திருந்தார்.

"சீனர் அங்க ஆமிக்குக் குண்டு குடுக்கிறாங்கள். நாங்கள் இங்க இருந்து அவங்கட சாத்திரம் பாக்கிறம்" என்றார்.

மாமி கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தபடி நின்றாள். "எங்க பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தாகிட்ட ஒரு சைக்கிள்தான் இருந்துச்சு அண்ணே. அவர் யாருக்கும் குண்டு குடுக்கல" என்றாள். குரல் உயரவில்லை. அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பிறகு கட்டிலின் மறுமுனையைப் பிடித்தார்.

தொலைக்காட்சி முன்னறையின் ஒரு மூலைக்குப் போயிற்று. அதற்கு எதிரே கதிரை போட மாமி விடவில்லை. பக்கத்திலிருந்து பார்த்தால் கொஞ்ச நேரத்திலேயே கழுத்து நோகும். அம்மா வருவாள், பார்ப்பாள், கழுத்தைத் தடவுவாள், எழுந்து குசினிக்குப் போவாள். இப்படி இடம் பார்க்கத் தெரியாத ஒரு சாத்திரமா என்று நான் நினைத்தேன். மாமிக்கும் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, வெங்காயம் உரித்துத் தரச் சொன்னாள்.

எனக்கு அந்தச் சாத்திரத்தில் பிடித்தது திசைகாட்டிதான். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் கிடைத்த சின்னத் திசைகாட்டி ஒன்று என்னிடம் இருந்தது. மாமி அதைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடப்பாள். நான் பின்னால் போவேன். கப்பலில் போகிறவர்கள் கையில் எடுப்பதற்கு முன்பே சீனர்கள் அந்த ஊசியை நிலத்தில் வைத்து இடம் பார்த்தார்கள் என்றாள். நாங்கள் ஊசி வடக்கைக் காட்டுகிறது என்கிறோம். அவர்கள் தெற்கைக் காட்டுகிறது என்பார்களாம். வடக்கிலிருந்து குளிர்காற்று வரும், ஆகவே அந்தப் பக்கம் மலை இருக்க வேண்டும். தெற்கில் வெயில் வரும், அந்தப் பக்கம் திறந்து, தண்ணீர் தெரிய வேண்டும். இடது பக்கத்துக் குன்று டிராகன், வலது பக்கத்துக் குன்று புலி. கதிரையில் சாய்ந்து, இரண்டு கைப்பிடியிலும் கை வைத்து உட்கார்ந்திருக்கிற மாதிரி ஓர் இடம் அமைய வேண்டும். அவ்வளவுதான் என்றாள்.

"இப்பிடிச் செய்தால் சித்தி வருவாவோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

அது யாரையும் கூட்டிவராது என்று மாமி சொன்னாள். இருக்கிற இடத்தில் ஆள் நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும்தான் அது பார்க்கும். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. சித்தி வந்தால் என் அறையில்தான் படுப்பாள் என்று முன்பே முடிவாகியிருந்தது. ஆகவே மாமிக்குத் தெரியாமல் என் அறையிலும் சாத்திரப்படி கட்டிலை நகர்த்தினேன். சித்திக்குச் சுவர்ப்பக்கம், எனக்குக் கதவுப்பக்கம்.

மே மாதம் போர் முடிந்துவிட்டது என்றார்கள். சனம் வவுனியா முகாம்களில் இருக்கிறது, சித்தியும் அங்கே எங்கேயாவது இருப்பாள் என்று மாமா சொன்னார். பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பின்னேரம், வவுனியாவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அம்மா தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு "ஓம்... ஓம்..." என்று மட்டும் சொன்னாள். நெடுநேரம் அப்படியே கேட்டாள். வைத்துவிட்டு, அடுப்பில் இருந்ததைப் போய்க் கிளறினாள். யார் என்று கேட்டேன். கடை விசயம் என்றாள். வவுனியாவில் எங்களுக்கு ஏது கடை என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து வந்த நாட்களில் அம்மா தொலைக்காட்சிப் பக்கம் போகவேயில்லை. மாமியின் மூலை வேலை செய்துவிட்டது என்று நான் மகிழ்ந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினியில் மாமி புட்டுக் குழைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுப் புட்டை அவள் பழகிக்கொண்டிருந்த காலம் அது. மா கட்டிகட்டியாக வந்தது. வழக்கமாக அம்மா அதைப் பிடுங்கித் தானே செய்வாள். அன்றைக்கு மேசையில் கையை ஊன்றியபடி இருந்தாள். நான் பக்கத்தில் உள்ளி உரித்தேன். அம்மா திடீரென்று, இந்தச் சாத்திரம் எப்படித் தொடங்கியது என்று கேட்டாள். அவள் அதைப்பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மொதல்ல வீட்டுக்கு இல்லக்கா. செத்தவங்களுக்குத்தான்" என்றாள் மாமி.

பிறகு மெதுவாகச் சொன்னாள். ஃபெங் என்றால் காற்று, சுயி என்றால் தண்ணீர். மண்ணுக்குள் ஓர் உயிர்மூச்சு ஓடுகிறதாம். காற்று அடித்தால் அது கலைந்துவிடும். தண்ணீரைக் கண்டால் நின்றுவிடும். அது தங்குகிற இடமாகப் பார்த்து இறந்தவரைக் கிடத்தினால், அவர் நிம்மதியாக இருப்பார். அவர் நிம்மதியாக இருந்தால், வேர் குளிர மரம் தளிர்க்கிற மாதிரி அவருடைய ஆட்களும் நன்றாக இருப்பார்கள். அதை நம்பித்தான் முதலில் இடம் பார்த்தார்கள், வீடும் கடையும் அதற்குப் பிறகு வந்தவை. ஈப்போவில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் சீனர்களின் கல்லறைகள் மலைச்சரிவில் வரிசையாக இருந்தனவாம், ஒவ்வொன்றும் கைப்பிடி வைத்த கதிரை போல. வருடத்தில் ஒருநாள் குடும்பம் குடும்பமாகச் சாப்பாட்டோடு வந்து புல் வெட்டித் துப்புரவாக்குவார்கள். ஊரிலேயே நல்ல காற்றும் காட்சியும் இறந்தவர்களுக்குத்தான், உயிரோடு இருந்த தங்களுக்குப் பஸ் நிலையம்தான் தெரிந்தது என்றாள்.

அம்மா சிரிக்கவில்லை.

"ஆள் கிடைக்காட்டில்?" என்று கேட்டாள். "எங்கை கிடக்கினம் எண்டே தெரியாட்டில், அவை என்ன செய்வினம்?"

மாமி மாவிலிருந்து கையை எடுத்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். "துணிய வைப்பாங்கக்கா. கடல்ல போனவங்க, சண்டையில போனவங்க... அவங்க போட்ட சட்டைய, இல்லன்னா அவங்களுக்குன்னு இருந்த ஒண்ணை வைப்பாங்க. எடம் மட்டும் நல்லாப் பார்ப்பாங்க."

அம்மா மாச்சட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு, "நீர் கையைக் கழுவும். நான் குழைக்கிறன்" என்றாள்.

அம்மா "நீங்கள்" என்பதை விட்டு, வீட்டு ஆட்களைச் சொல்வதுபோல் "நீர்" என்று சொன்னதை நானும் கவனித்தேன். மாமி ஏன் குழாயைத் திறந்துவிட்டு, கையைக் கழுவாமல் அப்படியே நின்றாள் என்பதுதான் புரியவில்லை.

அடுத்து வந்த சனிக்கிழமை காலை, தோட்டத்தில் ஒரு நல்ல இடம் பார்த்துத் தரும்படி மாமி என்னிடம் கேட்டாள். எதற்கு என்றேன். வீட்டுக்கு நல்லது என்றாள். என் வாழ்க்கையில் அதற்கு முன் யாரும் என்னிடம் அவ்வளவு பெரிய பொறுப்பைத் தந்ததில்லை. திசைகாட்டியை எடுத்துக்கொண்டு புல்லில் இறங்கினேன். எங்கள் தோட்டம் நீளமானது, ஒடுக்கமானது. வடக்குக் கோடியில் சாமான்கள் போடும் மரக்கொட்டில் இருந்தது, அதை மலையாக்கினேன். ஒரு பக்கத்து வேலி டிராகன், மறுபக்கத்து வேலி புலி. தண்ணீருக்குத்தான் வழியில்லை. கொட்டிலுக்குள் இருந்த என்னுடைய காற்றடிக்கும் பிளாஸ்டிக் குளத்தை எடுத்து, மூச்சு வாங்க வாங்க ஊதினேன். மாமி வந்து பார்த்தாள். வான்டில் ஆறு இரண்டு தெரு தள்ளி அந்தப் பக்கம்தான் போகிறது, அது போதும் என்றாள். ஆனால் குளத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை. அவளே குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து அதை நிரப்பினாள்.

அப்பா சாத்திரத்தைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் நான் காட்டிய இடத்தில் வெட்டினார். மாமா மண்ணை அள்ளினார். ஆழமாக வெட்டினார்கள். அம்மா உள்ளேயிருந்து குளிர்க் கோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

கருநீலக் கோட்டு. சித்தி லண்டன் வந்து இறங்கும்போது குளிரக்கூடாது என்று, மலிவு விற்பனையில் அம்மா எப்போதோ வாங்கி அலுமாரியில் தொங்கவிட்டிருந்தது. விலைச்சீட்டுக்கூட அப்படியே இருந்தது. அம்மா புல்லில் உட்கார்ந்து, சீட்டைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினாள். கைகள் இரண்டையும் நெஞ்சுப் பக்கமாக மடித்தாள்.

"அதைப் புதைச்சால் பழுதாப்போயிடுமே. சித்தி வந்தால் என்னத்தைப் போடுறது?" என்றேன்.

அப்பா மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார். "வேற வாங்கலாம் பிள்ளை" என்றார்.

தலை கொட்டில் பக்கம் இருக்க வேண்டும், முகம் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் ஞாபகப்படுத்தினேன். அம்மா அப்படியே வைத்தாள். தலைப்பாகத்து மடிப்பை இழுத்துச் சரிசெய்தாள், காலையில் என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பும்போது என் கழுத்துப்பட்டியைச் சரிசெய்கிற மாதிரி. எல்லோரும் ஒவ்வொரு பிடி மண் போட்டார்கள். நானும் போடப் போனேன்; மாமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அது ஒரு வெற்றி விழா. இடம் பார்த்தது நான் அல்லவா.

சித்தி அந்த மே மாதமே, கடற்கரையோரம் ஓரிடத்தில், இல்லாமல் போயிருந்தாள். கூட ஓடி வந்த ஒருவர் கண்டிருக்கிறார்; தொலைபேசியில் சொன்னவர் அவர்தான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, உடலும் இல்லாமல் இடமும் தெரியாமல், செத்தவீடு செய்ய அம்மாவுக்கு மனம் வரவில்லை. என்னிடம் சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. அடுத்த வருடம்தான் சொன்னாள்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், எல்லோரும் உள்ளே வந்து நடுப்பகலில் ஒருவர் பின் ஒருவராகத் தலையில் தண்ணீர் ஊற்றிக் குளித்தார்கள் என்பதுதான். அப்பா, மாமா, மாமி. மண் வெட்டியவர்கள், ஊத்தை பட்டிருக்கும் என்று நினைத்தேன். கடைசியில் அம்மா, ஈரத் தலையோடு, என்னையும் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் மண்ணைத் தொடவேயில்லை, கையைப் பார், சுத்தமாகத்தானே இருக்கிறது என்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து விரித்துக் காட்டினேன். அம்மா அவற்றைப் பார்த்தாள். "ஓம், சுத்தம்தான்" என்று சொல்லிவிட்டு, என் தலையில் தண்ணீரை ஊற்றினாள்.