தெய்வானை மிஸ் மூடாமல் வைத்த கேள்விகள்

தெய்வானை மிஸ் மூன்று தடவை என்னைத் தொலைபேசியில் அழைத்தது எதற்காக? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அழைப்பு வந்தபோது நான் எடுக்கவில்லை. பிறகு நேரில் கண்டபோது கேட்கவில்லை. இனிக் கேட்க முடியாது.

அவர் இறந்த செய்தி ஒரு வியாழக்கிழமை காலை வந்தது. வவுனியாவில், பரீட்சைப் புள்ளிகள் பற்றிய கூட்டத்தில் இருந்தேன். நீண்ட காலமாக யாரும் எதுவும் எழுதாத ஒரு வட்ஸ்அப் குழுவில், அவருடைய பெயரோடு செய்தி ஒன்று தெரிந்தது. பிறகு பார்க்கலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். அவருடைய பெயர் வந்தால் அப்படிச் செய்வது எனக்குப் பழகிப்போயிருந்தது. கூட்டம் முடிந்து வாசித்தபோதுதான், எழுதியது அவர் அல்ல, அவருடைய மகள் கௌரி என்று தெரிந்தது. அம்மா விடியற்காலையில் மாரடைப்பால் காலமாகிவிட்டார், நாளை ஸ்கந்தபுரம் வீட்டில் கிரியைகள் என்று தாயின் போனிலிருந்தே எழுதியிருந்தாள்.

முப்பத்தோராம் நாளுக்கு வெளியிடும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்துக்கு ஏதாவது எழுதித் தரும்படி கௌரி கேட்டபோது நான் தயங்கினேன். கல்வெட்டுகளில் இறந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இருப்பார்கள். யாருக்கும் கோபம் வராது. தெய்வானை மிஸ்ஸுக்குக் கோபம் வரும் என்பது அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும். அம்மாவுக்கு நான் செய்த ஒரு பிழையைப் பற்றித்தான் என்னால் எழுத முடியும், பரவாயில்லையா என்று கேட்டேன்.

"உள்ளதை எழுதுங்கோ மிஸ்," என்றாள். "புகழ்ந்து எழுத வேற ஆக்கள் இருக்கினம்."

நான் பல்கலைக்கழகத்தில் கணினித்துறையில் கற்பிப்பவள். ஒரு தொழிலில் ஊறியவர்களின் அறிவை இணையம் வழியாக மற்றவர்களுக்கு ஒரு சேவையாகக் கொடுக்க முடியுமா என்பதுதான் சில வருடங்களாக என் ஆய்வு. அதற்காக ஓர் இணையத்தளம் செய்தோம். வன்னியில் இருக்கும் விவசாயிகள் கைபேசியில் கேள்வியையும் படத்தையும் அனுப்புவார்கள். நான்கு ஆலோசகர்களில் ஒருவர் பதில் அனுப்புவார். அனுப்பியதும் ஒரு பொத்தானை அழுத்தி அந்தக் கேள்வியை மூடவேண்டும். கேள்வி வந்த நேரத்திலிருந்து மூடப்படும் நேரம் வரை கணினி எண்ணிக்கொண்டிருக்கும். அந்த நேரம் குறையக் குறைய சேவை நல்லது. இப்படித்தான் நான் வகுத்திருந்தேன்.

தெய்வானை மிஸ் அந்த நால்வரில் ஒருவர். விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றிருந்தார். மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பம். பேச்சில் இரண்டு ஊரும் கலந்திருக்கும். கிளிநொச்சியில் நாங்கள் நடத்திய முதல் பயிற்சி வகுப்புக்கு, ஸ்கூட்டியில், முழங்கை வரை கையுறை போட்டுக்கொண்டு வந்து இறங்கியது இப்போதும் கண்ணில் நிற்கிறது. நான் திரையில் தளத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு விவசாயி கையை உயர்த்தினார்.

"இதில கேட்டால் மழையும் வருமோ பிள்ளை?"

மண்டபம் சிரித்தது. தெய்வானை மிஸ் கதிரையைத் திருப்பி அவரைப் பார்த்தார்.

"மழைக்கு வேற ஒப்பீஸ் அண்ணை. நீங்க முதல்ல இதில கத்தரிக்காயைப் பத்திக் கேளுங்க. போன வருசம் என்னட்டக் கேக்காம எதையோ அடிச்சுப்போட்டு வந்து நிண்டீங்கதானே."

அதற்குப் பிறகு அந்த மனிதர்தான் அதிகம் கேள்வி அனுப்பினார். ஒருமுறை அவர் அனுப்பிய படத்தில் கத்தரி இலை ஒன்று பெரிதாகத் தெரிந்தது. மிஸ் நேரே அவருக்குப் போன் எடுத்துப் பேசினார். நான் பக்கத்தில் இருந்தேன். "இலை கிடக்கட்டும். இலைக்குப் பின்னால நிலத்தில ஒரு மருந்துப் போத்தல் கிடக்குது. அதை எடுத்து, அதில என்ன எழுதியிருக்கெண்டு வாசிங்க... இல்லை, நீங்க அடிக்கேல்லை எண்டால் அது தானா நடந்து வந்ததோ?" கோபமாகத்தான் பேசினார். பேசி முடித்து என்னிடம், "உங்கட படம் நல்ல சாமான் மிஸ்," என்றார். "ஆக்கள் மறைக்கிறதையும் காட்டுது."

பொத்தான் விடயத்தில்தான் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. மற்ற மூவரும் பதிலை அனுப்பிய கையோடு கேள்வியை மூடினார்கள். தெய்வானை மிஸ்ஸின் பதில்களும் அன்றைக்கே போய்விடும். ஆனால் கேள்வியை மூடமாட்டார். ஒரு பாடசாலைக் கொப்பியில் அதைக் குறித்து வைப்பார். பிறகு அந்தப் பக்கம் போகும் நாளில் வயலுக்குப் போய்ப் பார்ப்பார். பயிர் தேறிவிட்டது என்று கண்ணால் கண்ட பிறகுதான் மூடுவார். சில கேள்விகளுக்கு இரண்டு கிழமை, மூன்று கிழமை ஆகும். பொத்தான் எதற்கென்று அவருக்கு விளங்கவில்லையோ என்று நினைத்து விளக்கப் போனேன்.

"விளங்குது மிஸ். மூடினால் பட்டியலில இருந்து போயிடும். போயிட்டால் நான் மறந்திடுவன். நான் அனுப்பினது என்ர யோசனை. அது சரியோ பிழையோ எண்டு வயல்தான் சொல்லோணும்."

"நேரம் ஓடிக்கொண்டே இருக்குமே மிஸ். கணக்கில நீங்கதான் எல்லாருக்கும் பிந்தி வருவீங்கள்."

"பிந்தட்டும். ஓடிப் பிடிச்சு விளையாடவா வந்தனான்?"

அவர் மூடாமல் வைப்பதன் அர்த்தம் எனக்குப் பிறகு ஒரு நாள் விளங்கியது. புரிந்துகொள்ளாததால் நான் பிழை விட்டேன் என்று சொல்ல முடியாது, அதனால்தான் அந்த நாளை எழுதுகிறேன். ஸ்கந்தபுரத்தில் ஒரு நெல்வயலுக்கு அவரோடு போயிருந்தேன். பயிர் திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்தது. படத்தைப் பார்த்து நோய் என்று சொல்லி, அதற்கான வழியை நான்கு நாட்களுக்கு முன் அனுப்பியிருந்தவர் அவர்தான். வரம்பில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார். பயிரை விலக்கி அடித்தண்டைப் பார்த்தார். நிமிர்ந்து, அங்கே நின்ற நாலைந்து பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நான் சொன்னது பிழை. இது நோயில்லை. அடியில பாருங்க, தத்திப் பூச்சி. முழுக்கத் தத்தி."

வயல்காரர் சிரித்தார். "மிஸ்ஸே பிழை விட்டால் நாங்கள் இனி ஆரிட்டப் போறது?"

"என்னட்டத்தான் வரோணும். எது இல்லையெண்டு இப்ப எனக்குத்தானே தெரியும்."

மற்றவர்களைப் போல அனுப்பிய கையோடு மூடிவிட்டு அவர் போகாமல் இருந்திருந்தால் அந்த வயல் முழுதும் அழிந்திருக்கும். என் கணினியில் அந்தப் பதில் விரைவான, நல்ல பதிலாகவே பதிவாகியிருக்கும். திரும்பி வரும்போது இதை நினைத்துக்கொண்டே வந்தேன். அவருடைய தொழில் அறிவில் பாதி, பதிலை அனுப்பிய பின்னர்தான் தொடங்குகிறது. அதை அளக்க என் தளத்தில் ஓர் இடமும் இல்லை.

ஆய்வுக் கட்டுரையை எழுதியபோது இதை ஒரு பந்தியாக எழுதினேன். நான்காம் ஆலோசகரின் நேரம் நாட்களில் இருப்பதற்குக் காரணம் தாமதம் அல்ல, அவர் வேலை செய்யும் முறை என்று எழுதினேன். மதிப்பாய்வாளர் ஒருவர், இதற்குத் தரவில் ஆதாரம் இல்லை, கட்டுரையும் நீளம், அந்தப் பந்தியை நீக்கலாம் என்று குறிப்பிட்டிருந்தார். நீக்கினேன். வாதாடியிருக்கலாம். ஆதாரம் தேட ஸ்கந்தபுரத்துக்கு இன்னும் நாலு தடவை போயிருக்கலாம். பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் திகதி நெருங்கியிருந்தது. அட்டவணை மட்டும் மிஞ்சியது. அதில் மூன்று ஆலோசகர்களுக்கு மணித்தியாலங்கள், நான்காம் ஆலோசகருக்கு நாட்கள். கீழே ஒரு வரி: நான்காம் ஆலோசகரின் தாமதம் சேவையின் தரத்தைக் குறைக்கிறது. அந்த வரி என் கையால் எழுதியது.

கட்டுரையின் சுருக்கம், சேவையை அடுத்த கட்டத்தில் ஏற்று நடத்த வந்த நிறுவனத்துக்குப் போனது. அவர்கள் மூன்று பேரை வைத்துக்கொண்டார்கள். தெய்வானை மிஸ் தளத்துக்குள் நுழைய முடியாதபடி அவருடைய கணக்கை நிறுத்தினார்கள். நிறுத்துவதாக அவருக்கு அனுப்பிய மின்னஞ்சலில் எனக்கும் ஒரு பிரதி வந்தது. காரணம் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. நானும் எழுதவில்லை. 'உங்கள் சேவைக்கு நன்றி' என்று இருந்தது.

அதன் பிறகு வந்த வாரங்களில்தான் அந்த மூன்று அழைப்புகளும் வந்தன. ஏன் என்னை நிறுத்தினார்கள் என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். என்ன சொல்வதென்று ஆயத்தம் செய்துகொண்டு நானே அவரை அழைக்கலாம் என்று நினைத்தேன். ஆயத்தம் முடியவே இல்லை.

அவரைக் கடைசியாகக் கண்டது கிளிநொச்சி பஸ் நிலையத்தில், ஒரு மத்தியான வெயிலில். அவர்தான் முதலில் கண்டார்.

"மிஸ், மெலிஞ்சு போனீங்க. கம்பஸில சாப்பாடு இல்லையா?"

"இருக்குது மிஸ். நீங்கள் எப்பிடி?"

"இருக்கிறன். உங்களுக்குப் போன் எடுத்தனான். வேலையா இருந்திருப்பீங்க."

"ஓம் மிஸ்... கொஞ்சம் வேலை."

"அதுக்கென்ன. ஒரு சின்ன விசயம்தான். பிறகு கதைப்பம்." வவுனியா பஸ் வந்து நின்றது. "ஓடுங்க, இடம் பிடியுங்க," என்று என் பையைத் தூக்கித் தந்தார். ஏறி அமர்ந்து யன்னலால் பார்த்தேன். முல்லைத்தீவுப் பக்கம் போகும் பஸ்ஸுக்காக நிழலில் நின்றுகொண்டிருந்தார். கையில் அந்தக் கொப்பி. தளத்தில் இல்லாதவருக்குக் கொப்பி எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

செத்தவீட்டில் நிறையப் பேர் இருந்தார்கள். வேலையுடுப்போடு வயலிலிருந்து நேரே வந்தவர்களும் இருந்தார்கள். இணையவழி விவசாய சேவையின் முன்னோடி என்று ஓர் அதிகாரி பேசினார். பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். அவருடைய கடமையுணர்ச்சி பற்றி மூன்று வசனம் சொன்னேன். நான்காவதாக ஒரு வசனம் இருந்தது. அதைச் சொல்லாமல் ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

கட்டுரை வந்த இதழுக்கு இப்போது ஒரு திருத்தம் எழுதி அனுப்பியிருக்கிறேன். போடுவார்களா என்று தெரியாது. போட்டாலும் அவருக்குப் பயனில்லை. அவருடைய கொப்பி கௌரியிடம் இருக்கிறது, அங்கேதான் இருக்கவேண்டும். என்னிடம் இருப்பது ஒன்பது கேள்விகள். கணக்கை நிறுத்திய நாளில், அவருடைய பெயரில் திறந்தபடி இருந்தவை அவை. எங்கள் பழைய தரவுகளில் இன்னும் அப்படியே கிடந்தன. இந்த ஒன்பதையும் பற்றி நான் அதுவரை நினைத்தே பார்க்கவில்லை. செத்தவீட்டால் திரும்பி வரும்போதுதான் அந்த எண்ணம் வந்தது.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் பல்கலைக்கழகத்துக்குப் போய், தரவுகளைத் திறந்து, ஒன்பதையும் அச்செடுத்தேன். முதலாவது கேள்வி உடையார்கட்டில் ஒரு பெண் அனுப்பியது. மாரி மழைக்குள் கச்சான் கடலையின் இலை மஞ்சளாகிறது, என்ன பசளை போடலாம் என்று கேட்டிருந்தார். ஒன்றும் போடவேண்டாம், தண்ணீர் நிற்கிறதா பார்த்து வடியவிடுங்கள் என்று மிஸ் அன்றைக்கே பதில் அனுப்பியிருந்தார். அந்த இலக்கத்துக்கு எடுத்தேன். நான் யாரென்று சொல்லி, தெய்வானை மிஸ் தவறிவிட்டார் என்றும் சொன்னேன்.

"ஐயோ, எப்ப?" என்றார். "நல்ல மனுசி. எங்கட தோட்டத்துக்கும் வந்தவா."

"எப்ப வந்தவா?"

"நாங்கள் கச்சான் பிடுங்கிற நேரம். பஸ்ஸில வந்து இறங்கி நடந்து வந்தவா."

அவருடைய கணக்கை நிறுத்தி அப்போது ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

"செடியைப் பிடுங்கிப் பார்த்திட்டு, இது சரி, இனி மூடலாம் எண்டவா. என்னத்தை மூடுறது எண்டு எனக்கு விளங்கேல்லை. பிறகு இதில, கிணத்தடியில நிண்டு ஆருக்கோ போன் எடுத்தவா. கம்பஸ் மிஸ்ஸுக்காம். அவா எடுக்கேல்லை. வேலையா இருப்பா எண்டு சொல்லிப்போட்டு, கச்சான் கொஞ்சம் அவிச்சுக் குடுத்தனான், சாப்பிட்டிட்டுப் போனவா."

நன்றி சொல்லி வைத்தேன். இது மூன்று அழைப்புகளில் ஒன்று. மற்ற இரண்டும் எதற்கென்று இப்போதும் தெரியாது.

அந்தக் கேள்வியைத் திறந்து, தெய்வானை மிஸ்ஸின் பெயரில், மூடும் பொத்தானை அழுத்தினேன். பதிலளிக்க எடுத்த நேரத்தைக் கணினி நாட்களில் கணக்கிட்டு, பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'மிகத் தாமதம்' என்று காட்டியது. அப்படிக் காட்டும்படி அதற்குச் சொல்லி வைத்தவள் நான்தான். இரண்டாவது கேள்வியும் உடையார்கட்டிலிருந்துதான் வந்திருந்தது; அந்த இலக்கத்துக்கு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அந்தக் கேள்வியை மூடாமல் வைத்துவிட்டு, கௌரிக்கு எடுத்து, உடையார்கட்டுக்கு எந்த பஸ்ஸில் போவது என்று கேட்டேன்.