முதல் பாகம் மட்டும்

டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், ஐந்தாம் வகுப்பு வரைக்கும் நான் ஒருத்திதான் டீச்சர். ஒரே அறை, ஒரு கரும்பலகை, ஒரு தகர அலமாரி. ஹட்டன் டவுனுக்குப் பஸ் ஏறும்போதெல்லாம் சிறுவர் கதைப் புத்தகம் ஒன்றிரண்டு வாங்கி வந்து அந்த அலமாரியில் அடுக்குவேன். எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் என்று சொல்வதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. பயந்தாங்கொள்ளிக்குப் பேய்க்கதை கொடுப்பேன், வாயாடிக்கு விடுகதை. பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தால் எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்துவிடும்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அவளுக்குக் கொடுத்து என்னால் மாளவில்லை. "வேற இருக்கா டீச்சர்?" என்று காலையிலேயே வந்து நிற்பாள். "அடியே, படிக்கிறியா, திங்கிறியா?" என்பேன். அவளை எப்படியாவது ஹட்டனில் ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. அவள் அப்பாவும் அரைமனதாகத் தலையாட்டியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து அவள் பெரியவளானாள். லயத்து வரிசை வீட்டில், அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவின் மூலையில் இலைதழையும் சாக்கும் வைத்துக் குச்சு கட்டி, உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். குச்சை விட்டு எழுந்ததும் கொழுந்து எடுக்கப் பேர் பதிந்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்த பெண் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் போனார்கள். இவளை விடுவேனா நான்?

அலமாரியில் ரெண்டு பாகமாக ஒரு கதை இருந்தது. வெள்ளம் அடித்துக்கொண்டு போன ஒரு சிறுமி, வழி கேட்டுக் கேட்டு ஊர் திரும்புகிற கதை. அவள் பாதி வழியில் திகைத்து நிற்கும்போது முதல் பாகம் முடிந்துவிடும். அதை மட்டும் எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். மிச்சக் கதைக்காவது பள்ளிக்கூடம் வந்துதானே ஆகணும்!

வாசலில் அவள் அம்மா மறித்தாள். "டீச்சரம்மா, உள்ள போன சாமான் திரும்பி வராதுங்க. தலைக்குத் தண்ணி ஊத்துற அன்னைக்குக் குச்சோட சேர்த்து எரிச்சிடுவோம்."

"எரிங்க. புள்ளைய மட்டும் திருப்பி அனுப்புங்க," என்றேன் காரமாகவே.

அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். "நானா மாட்டேங்குறேன்? அவங்க அப்பா நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில கெடக்குறாங்க. நான் ஒருத்தி எடுக்குற கொழுந்துல அடுப்பு எரியுமாங்க?"

அவள் வழி விட்டதும் உள்ளே போனேன். புத்தகத்தைக் குச்சுக்கு முன்னால் வைத்தேன். சாக்கு மறைப்புக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு எடுத்துக்கொண்டது.

தண்ணீர் ஊற்றிய அன்று ஆற்றோரம் குச்சு எரிந்த புகை பள்ளிக்கூடத்து ஜன்னலிலேயே தெரிந்தது. திங்கட்கிழமை ரெண்டாம் பாகத்தை மேசை மேல் எடுத்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தேன். அவள் வரவில்லை. அவளுக்கும் பேர் பதிந்தாயிற்று, மேல் மலையில் கொழுந்து எடுக்கிறாள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தது.

மனசு கேட்காமல் பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகத்தோடு மலைக்கே ஏறினேன். அவள் முதுகில் அவளை விடப் பெரிய கூடை. என்னைக் கண்டதும் ஆசையாகக் கையை நீட்டியவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள். விரலெல்லாம் கொழுந்துக் கறை.

"வேணாம் டீச்சர், அழுக்காயிடும். நீங்களே சொல்லிடுங்க. அந்தப் புள்ள ஊரு போய்ச் சேர்ந்துச்சா?"

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். சொல்லிவிட்டால் அப்புறம் எதற்கு வருவாள்? "என்னா அங்க பேச்சு?" என்று மேலேயிருந்து கங்காணி சத்தம் போட்டார். மற்ற பெண்கள் தேயிலைச் செடி நிரையில் முன்னால் போய்விட்டார்கள். இவள் நகராமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சேர்ந்துட்டாம்மா," என்றேன்.

"அப்பச் சரிங்க டீச்சர்," என்று சிரித்தாள். கூடையை ஒரு குலுக்குக் குலுக்கிச் சரிபண்ணிக்கொண்டு, நிரையைப் பிடிக்க மேலே ஏறினாள்.