குளத்தில் ஒரு கடல்

சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அவரை நாங்கள் மாஸ்டர் என்றுதான் அழைத்தோம். முறுக்கிய மீசை, பளபளக்கும் ஷூ, கழுத்தில் விசில். கொல்லிமலையிலிருந்து சீமைக்குத் திரும்பிய ஒரு துரை நான்கு கித்தான் படகுகளை விட்டுப்போயிருந்தார். அவற்றை வைத்துக்கொண்டு, ஆபீஸ் குமாஸ்தாக்களான எங்கள் மூவருக்கும் அந்த மலையிலேயே ஆலத்தூர் நாடு என்ற பகுதியிலிருந்த குளமொன்றில் கடல் படகோட்டம் கற்றுத்தர முன்வந்தார் மாஸ்டர்.

தினமும் குளத்து நீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். உப்பில்லை என்று முகம் சுளிப்பார். குளம் ஒருநாள் திருந்தும் என்று நம்பினாரோ என்னவோ! முதல் ஒரு மாதம் படகுகளைப் புல்தரையில் போட்டு, எங்களைக் காற்றில் துடுப்பு வலிக்கவைத்தார். மேய வந்த மாடுகள் எங்களைப் பார்த்து ஒதுங்கிப் போயின.

ஒருவழியாக ஒரு மாலை நீரில் இறங்கினோம். குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். பொழுது சாயும் நேரத்தில் நான்கு படகும் சேற்றில் தட்டி நின்றன. மாஸ்டர் விசில் ஊதினார்.

"கடல் உள்வாங்கியிருக்கு. ஓதம் ஏறித் தண்ணி திரும்புற வரைக்கும் யாரும் இறங்கப்படாது!"

கரையில் நின்ற விவசாயி ஒருவர் கூவினார். "ஏனுங்க, வயலுக்கு மத்தியானமே மடை தொறந்துட்டேனுங்க. கணுக்கால் தண்ணிதானுங்க, எறங்கி நடந்து வாங்க சாமி!"

நாங்கள் இறங்கி நடந்தோம். மாஸ்டர் அசையவில்லை. கடைசியில் அந்த விவசாயியே மாட்டுக்கயிற்றைக் கட்டி, அவரைப் படகோடு கரைக்கு இழுத்தார். ஷூவில் ஒரு பொட்டுச் சேறு படாமல் இறங்கியவர், "ஓதம் வந்துடுச்சு, பாத்தீங்களா?" என்றார். கட்டளையை மீறிய நாங்கள் மூவரும் தேறவில்லையாம்.

மறுவாரம் மூவரும் புல்தரையில் போய் உட்கார்ந்து, முதல் பாடத்திலிருந்து காற்றை வலித்தோம். ஏன் போனோம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.