வானுக்குள்ளே பிள்ளைகளா, சாமானா?

பிள்ளைகளே, முன் சீட்டுக்குச் சண்டை பிடித்துக்கொண்டு நீங்கள் இருவரும் தினமும் ஏறும், அப்பா நான் ஓட்டும் நம்முடைய வான், அரசாங்கத்தின் கணக்கில் பள்ளிக்கூட வான் இல்லை. பதிவுப் புத்தகத்தில் அது டூவல் பர்பஸ். ஆளும் ஏற்றலாம், சாமானும் ஏற்றலாம் என்று அர்த்தம். கொட்டாஞ்சேனையிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் பிள்ளைகளை ஏற்றும் எங்கள் எல்லாருடைய வானும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து லேனில் வான் நிறுத்தக்கூடாது என்று பலகை போடும் வரைக்கும் அது எனக்கு ஒரு விஷயமாகப் படவில்லை.

லேன் போனதும் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் காலி வீதி என்ற பெரிய ரோட்டின் மறுகரையில்தான் நிற்க இடம் கிடைத்தது. முதலாம் வகுப்புப் பிள்ளைகளும் அந்த வீதியைக் கடந்துதான் வர வேண்டும். பஸ்கள் எப்படி வருகின்றன என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் மணி அடிக்க முன்பே நான் வீதியோரம் போய் நின்றுவிடுவேன்.

அந்த நாட்களில்தான் எங்கள் வான் சங்கத் தலைவரின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. நாட்டின் வீதிப் போக்குவரத்துப் புள்ளிவிபரங்களைப் பற்றி ஒரு கூட்டம், பாவனையாளர்களின் தேவைகளைக் கேட்டுத் தீர்மானிக்கப் போகிறார்கள், சங்கங்களிலிருந்தும் ஆள் வரலாம் என்று இருந்தது.

"பாவனையாளர் எண்டா நாங்கள்தானே," என்றார் தலைவர். "எங்களை விட ஆர் ரோட்டைப் பாவிக்கிறது? நீ போய் லேனைப் பற்றிக் கதை. உனக்குத்தான் மூண்டு பாஷையும் வரும்."

மூன்று பாஷை என்றால், தமிழ் முழுசாக, சிங்களம் கடைக்குப் போதுமான அளவு, இங்கிலிஷ் பெயர்ப்பலகை வாசிக்க. ஓ.எல். பரீட்சையுடன் படிப்பை விட்டவன் நான். ஆனாலும் அயர்ன் பண்ணிய ஷேர்ட் போட்டுக்கொண்டு போனேன்.

குளிரூட்டிய அறை. டயர் இறக்குமதி செய்கிற முதலாளி ஒருவர், களனிப் பக்கமிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, வீதிகளைத் திட்டமிடும் எஞ்சினியர் ஒருவர், இன்னும் சிலர். கூட்டத்தை நடத்திய அதிகாரி அம்மா, யார் முதலில் என்று கேட்டதும் நான் எழுந்துவிட்டேன். லேன், பலகை, பொலிஸ், பஸ் எல்லாவற்றையும் கொட்டினேன். முடித்தபோது டயர் முதலாளி தன் பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன், குறை நினைக்காதீங்கோ," என்றார் அந்த அம்மா. "இங்க பாவனையாளர் எண்டு நாங்க சொல்றது ரோட்டைப் பாவிக்கிற ஆக்களை இல்ல. நாங்க எடுக்கிற எண்ணிக்கையைப் பாவிக்கிற ஆக்களை."

நான் உட்கார்ந்துவிட்டேன். காது சுட்டது. ஆனால் எழுந்து போகவில்லை. தலைவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாததும் ஒரு காரணம்.

மற்றவர்கள் தங்களுக்கு வேண்டியதைச் சொன்னார்கள். டயர் அளவின்படி லொறிகளைப் பிரித்து எண்ண வேண்டும் என்றார் டயர் முதலாளி. ஒரு வாகனம் வருடத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று தெரிய வேண்டும் என்றாள் மாணவி. எல்லாவற்றையும் எண்ண ஆளும் இல்லை, காசும் இல்லை என்று அதிகாரி அம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். ஆகவே ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான்: "இந்த எண்ணிக்கை கையில வந்தா அடுத்த நாள் என்ன செய்வீங்க?" சிலர் டக்கென்று பதில் சொன்னார்கள். சிலர், தெரிந்திருந்தால் நல்லதுதானே என்று இழுத்தார்கள்.

தேநீர் குடிக்கும்போது எனக்கு அந்தக் கேள்வியே ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிப் போய்க் கை தூக்கினேன். பள்ளிக்கூட வான்களை வேறாக எண்ண வேண்டும் என்றேன்.

"எண்ணினா என்ன செய்வீங்க?"

"நான் ஒண்டும் செய்யமாட்டன், மிஸ். பிள்ளைகளை ஏத்தி இறக்குவன். லேனை மூடினவருக்குத்தான் அது தேவை. அவர் எங்கட வான்களை மரக்கறி வான் எண்டு நினைச்சிருப்பார். தனக்கு இது தேவை எண்டே அவருக்குத் தெரியாது. அவர் இங்க வரவும் இல்ல."

எஞ்சினியர் என் பக்கம் திரும்பினார். "நாங்களும் பலகை போடச் சொல்றனாங்கள்தான்," என்றார். பிறகு, "சரி, மத்தியானத்தில உங்கட வான் என்ன செய்யுது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. மத்தியானத்தில் புறக்கோட்டையிலிருந்து வெள்ளவத்தைப் புடைவைக் கடைகளுக்குப் பார்சல் ஏற்றுகிறேன். சில நாள் கடை திறக்கப் பிந்தினால், பிள்ளைகளை ஏற்றும்போதும் பொட்டலங்கள் பின்னால் கிடக்கும். அதைச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

"அப்ப பதிவுப் புத்தகம் சொல்றது சரிதானே," என்றார் அதிகாரி அம்மா. கேலியாக இல்லை, யோசித்துக்கொண்டு. "வாகனத்துக்குப் பேரை மாத்தி வேலையில்ல. ரோட்டில நிண்டு எண்ணேக்க, உள்ளுக்கு என்ன போகுது எண்டும் தாளில கூடுதலா ஒரு கோடு போடலாம்." எஞ்சினியரும் அது தனக்கு வேண்டும் என்றார். அதைக் குறித்துக்கொண்டார்கள். டயர் முதலாளியின் தேவை அந்த முறை எடுபடவில்லை. போகும்போது அவர் என்னிடம், "அடுத்தமுறை உங்கட ஷேர்ட்டைப் போட்டுக்கொண்டு வாறன், அப்பவாவது எடுபடட்டும்," என்றார்.

தலைவர் வான்களுக்குப் பக்கத்தில் காத்து நின்றார். "லேன் கிடைச்சுதா?"

"இல்ல. ஒரு கோடு கிடைச்சிருக்கு."

"கோடா? அதை எங்க பார்க் பண்றது?" என்றார். மற்ற ட்ரைவர்மார் ஒரு கிழமைக்கு என்னைக் கோடு என்றே கூப்பிட்டார்கள்.

சில மாதங்களுக்குப் பிறகு காலி வீதியோரம் ஒரு பெண்பிள்ளை குடைக்குக் கீழே இருந்து வாகனங்களை எண்ணிக்கொண்டிருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எதிர்க்கரையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்து சிக்னலில் நின்றேன். அந்தப் பிள்ளை குனிந்து பார்த்து, "உள்ள பிள்ளைகளா, சாமானா?" என்று கேட்டது.

பின்னால் இருந்து நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினீர்கள்: "ரெண்டும்!"

அன்று வெள்ளவத்தைக்குப் போக வேண்டிய இரண்டு பொட்டலம் உங்கள் காலடியில் கிடந்தது. அந்தப் பிள்ளை எதில் கோடு போடுவது என்று தெரியாமல் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. பச்சை சிக்னல் விழுந்தது. கண்ணாடியில் பார்த்தேன், எழுதினதாகத் தெரியவில்லை.

மத்தியானம் கடை திறக்கப் பிந்தினால் இப்போது நான் பொட்டலங்களை இறக்கும் வரைக்கும் கடை வாசலிலேயே காத்து நிற்பது அதனால்தான். ஏன் இப்படிக் காத்து நிற்கிறேன் என்று உங்கள் அம்மா கேட்கும்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. லேன் இன்னும் மூடித்தான் கிடக்கிறது. பள்ளிக்கூடக் கரையிலிருந்து சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்து நான்தான் கூட்டிவருகிறேன். ஆனால் அடுத்த முறை அந்தப் பெண்பிள்ளை குனிந்து கேட்டால், பின் சீட்டுக்குக் கீழே ஒன்றும் இருக்காது. பேனையைத் தூக்கிப் பிடிக்க வேண்டி வராது.