தேய்ப்பதா, மாற்றுவதா

தம்பியின் மரம் அரியும் செயின்சோவைக் கெடுத்தது நான்தான். கட்டாருக்கு வேலைக்குப் போகுமுன் இரண்டு பொறுப்புகள் தந்தான்: மாதமொருமுறை அதை இயக்கவேண்டும், பல்லில் விரல் வைக்கக்கூடாது. இரண்டாவதை ஒழுங்காகச் செய்துவந்தேன்.

பெட்ரோல் கேன்கள் இரண்டு. ஒன்று மோட்டார் சைக்கிளுக்கு. எண்ணெய் கலந்த மற்றது மெசினுக்கு. அடையாளத்துக்கு, கலந்த கேனின் கழுத்தில் பழைய சாரத்தில் கிழித்த துணித்துண்டு கட்டியிருந்தான். ஒருநாள் அதை அவிழ்த்துக் கை துடைத்தேன். நாகரிகமான மனிதனாகத் திரும்பவும் கட்டிவைத்தேன், மற்றக் கேனில்.

அதன் பிறகுதான் எங்கள் நாவற்குடா வீட்டு வளவில் முருங்கை சாய்ந்தது. முருங்கைக்குக் கத்தியே போதும். ஆனால் அந்தச் சத்தம் கேட்டால் தம்பி பின்வளவில் நிற்பதுபோல இருக்கும். பாதி மரத்தில் மெசின் இறுகி நின்றது.

ஓட்டமாவடி மெக்கானிக் சிலிண்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். உட்சுவரில் நெடுக்காகக் கோடுகள்.

"எண்ணெய் கலக்காம ஓட்டியிருக்கீங்க."

"கலந்ததுதான். அது மோட்டார் சைக்கிளுக்குப் போயிட்டு."

"அப்ப ஊருக்கே புகை அடிச்சிருப்பீங்க." சிரிக்காமலே சொன்னார். "கோட்டைத் தேச்சுத் தரலாம், சும்மா இயக்கிப் பாக்க மட்டும் காணும். மரம் அரியிறதெண்டா சிலிண்டரை மாத்தத்தான் வேணும். மெசின்காரர், உங்கட தம்பி, வாறாரா?"

அதைத்தான் நானும் ஆறு வருடமாகக் கேட்கிறேன். ஒவ்வொரு வருடமும் சித்தாண்டி முருகன் கோயில் திருவிழாவுக்கு வருவதாகச் சொல்வான். முருகனும் நானும் காத்திருந்து பழகிவிட்டோம்.

கடையில் நின்றபடியே தம்பியை அழைத்தேன். மாற்றுங்கள் என்று சொன்னால் வருகிறான் என்று அர்த்தம். வேறு எதற்காகவும் நான் ஒரு சொல்லுக்கு இப்படி ஏங்கியதில்லை.

விசயத்தைக் கேட்டு நன்றாகச் சிரித்தான். "படிச்ச ஆள் அண்ணன் நீங்க. ரெண்டு கேன்தானே இருந்த."

"தேய்க்கவா, மாத்தவா?"

"தேச்சுப் போடுங்க, காணும்."

"நீ வந்து அரியிறதெண்டா?"

அங்கே ஏதோ வாகனம் பின்னோக்கி வரும் சத்தத்துக்கு மேலாகச் சொன்னான்.

"இங்க வேலைக்கு இன்னும் ரெண்டு வருசத்துக்கு சைன் வெச்சிட்டன் அண்ணன். சொல்லுவம் எண்டுதான் இருந்தன்."

நல்லது என்றேன். சாப்பிட்டாயா என்றேன். வைத்துவிட்டேன்.

"என்னவாம்?" என்றார் மெக்கானிக்.

"மாத்தட்டுமாம்," என்றேன். "புதுசாவே போடுங்க. ரெண்டு வருசத்துக்கு மேல ஓட வேணும்."