காக்கா மௌத்தான கிழமை

படிவம் நிரப்புவதில் என்னை வெல்ல ஆளில்லை. லண்டனில் ஒரு நகரசபைக் காரியாலயத்தில் மற்றவர்கள் நிரப்பிய படிவங்களில் பிழை பிடிப்பதுதான் எனக்கு இருபது வருடத்துக்கு மேல் சோறு போட்ட வேலை. வீடு கேட்டு வருகிறவர், உதவிப்பணம் கேட்டு வருகிறவர், யாராக இருந்தாலும் ஒரு பெட்டியையாவது வெறுமையாக விட்டிருப்பார்கள். நான் பேனையால் தட்டிக் காட்டுவேன். ஆகவே ஓய்வு பெற்று, மாம்புரியில் நாலு தென்னையோடு ஒரு சின்ன வீடு வாங்கிக் குடிவந்தபோது, எங்கள் இரண்டு பேருக்கும் மருத்துவக் காப்புறுதி எடுப்பது ஒரு பின்னேர வேலை என்றுதான் நினைத்தேன்.

ஏழு மாதம் எடுத்தது.

நான் பிறந்தது கல்பிட்டியில். மாம்புரியிலிருந்து பஸ் ஏறினால் தூங்கி விழ நேரம் இருக்காது, அவ்வளவு கிட்ட. ஆனால் என் கையில் இருப்பது இங்கிலாந்துக் கடவுச்சீட்டு. அதனால் காப்புறுதிக்காரர்களின் கணக்கில் நான் வெளிநாட்டில் தங்கியிருக்கும் வயதான ஓய்வூதியக்காரி. எந்த வெளிநாடு என்று கேட்ட பெட்டியில் இலங்கை என்று எழுதும்போது முதல் தடவை சிரித்தேன். நாலாவது தடவை எரிச்சல் வந்தது.

இங்கிலாந்தை விட்டு நிரந்தரமாக வந்துவிட்டால் அங்கே கிடைத்த இலவச வைத்தியம் நின்றுவிடும். இங்கே அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள், நல்ல டொக்டர்மாரும் இருக்கிறார்கள். ஆனால் எனக்கு ஒரு பயம் இருந்தது. அதற்குக் காரணம் என் கணவரின் நெஞ்சு.

ஐந்து வருடத்துக்கு முன் அவருடைய காக்கா, கூடப்பிறந்த ஒரே மூத்தவர், புத்தளத்தில் மௌத்தானார். நாங்கள் லண்டனிலிருந்து ஓடிவந்தோம். அடக்கிய நாலாம் நாள் இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். புத்தளம் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்து, குளிசை கொடுத்து, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒருநாள் ஒப்பரேசன் தேவைப்படலாம், கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அந்த ஒருநாள் எப்போது வரும் என்று தெரியாமல் அவருடைய குறட்டையைக் கேட்டுக்கொண்டு படுப்பது எனக்குப் பழகிவிட்டது. கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரி வாசலில் காசு கட்டினால்தான் கதவு திறக்கும் என்று யாராவது சொல்லும்போது நான் தயாராக நிற்க வேண்டும். அதற்குத்தான் காப்புறுதி.

தேடத் தொடங்கினேன். ஒரு கம்பெனியின் இணையத்தளத்தில் பிறந்த ஆண்டைத் தெரிவு செய்யும் பட்டியலை இழுத்துக்கொண்டே போனேன், நான் பிறந்த ஆண்டு வருவதற்கு முதலே பட்டியல் முடிந்துவிட்டது. புத்தளத்திலிருந்து ஒரு முகவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பிளேன்டீ குடித்தார், பிள்ளைகள் எங்கே என்று விசாரித்தார், எங்கள் வயதைக் கேட்டதும் கொண்டுவந்த புத்தகங்களை மறுபடி பைக்குள் வைத்துவிட்டு இறால் விலையைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போனார். நல்ல மனிதர், பொய் நம்பிக்கை தரவில்லை. மற்றக் கம்பெனிகள் எல்லாம் 'இருதய நோய்' என்ற பெட்டியில் நான் ஓம் என்று புள்ளடி போட்டதும் அழகான ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டன.

கடைசியாக ஒரு கம்பெனி கேட்டுப் பார்க்கிறோம் என்றது. வெளிநாடுகளில் வாழும் முதியவர்களுக்கென்றே இருப்பது. படிவத்தில் பெயரும் வயதும்தான், விண்ணப்பிக்கிற ஒவ்வொருவரும் தொலைபேசியில் தாங்களே தங்கள் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம். நான் ஆங்கிலத்தில் பத்து நிமிடத்தில் முடித்தேன். என் கணவர் தமிழில்தான் சொல்வேன் என்று நின்றார்.

அவருக்கு ஆங்கிலம் வராமல் இல்லை. லண்டனில் ஒரு பேக்கரியில் முப்பது வருடம் பாண் போட்டவர். ஆனால் அது மாவோடும் போறணையோடும் கதைக்கிற ஆங்கிலம், உடம்பைப் பற்றிச் சொல்லப் போய் ஒன்றைப் பிழையாகச் சொன்னால் அது பொய்யாகிவிடும் என்று அவருக்குப் பயம். கம்பெனியும் மறுக்கவில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை லைனில் சேர்த்தார்கள். சென்னைப் பக்கத்துப் பெண்பிள்ளை, மரியாதையான குரல் என்று பிறகு சொன்னார்.

பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது என்பது அவர்களின் விதி. நான் குசினிக்குள் நின்று அவர் சொல்வதை மட்டும் கேட்டேன். காது கொடுத்துத்தான் கேட்டேன், ஒரு சொல் பிழையில்லை.

"ஓம், அஞ்சு வருசத்துக்கு முந்தி நெஞ்சு வருத்தம் வந்திச்சு. காக்கா மௌத்தான கிழம."

பிறகு சற்று நிறுத்தி, "மௌத்தெண்டா செத்துப் போறது, மகள்" என்றார். மற்றதெல்லாம் ஓட்டமாக வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்துத் துண்டு வெட்டினார்கள், இப்போது நல்ல சுகம், பிரசருக்குக் குளிசை குடிக்கிறேன் என்று எல்லாவற்றையும் சொன்னார். இடையிடையே தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு யன்னலால் வெளியே பார்த்தார். அது ஏன் என்று பிறகு கேட்டேன். கம்பெனிக்காரரும் அந்தப் பிள்ளையும் ஆங்கிலத்தில் தங்களுக்குள் கதைப்பதை ஒட்டுக் கேட்பது மரியாதையில்லையாம். அப்படிப்பட்ட மனிதரோடு முப்பது வருடத்துக்கு மேலாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

மூன்று கிழமை கழித்துக் காப்புறுதிப் பத்திரம் வந்தது. இரண்டு பேரையும் ஏற்றுக்கொண்டார்கள். பிரசருக்காகக் கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டிருந்தார்கள், இருதயம் உட்பட மற்ற எல்லாவற்றுக்கும் காப்பு உண்டு. நான் வீட்டுக்குள் இரண்டு சுற்று நடந்தேன். அன்றைக்குப் பெரிய நண்டாகப் பார்த்து வாங்கிக் காய்ச்சினேன். ஏழு மாதம் ஏறி இறங்கி ஜெயித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் பழைய பழக்கத்தை ஒரு நாள் மறந்து போனேன். பத்திரத்தின் பின்பக்கங்களை மறுநாள் காலையில்தான் வாசித்தேன்.

பின்னால் அவருடைய பேட்டியின் சுருக்கம் இருந்தது. முதலில் 'சிறு சத்திரசிகிச்சை' என்று ஒரு வரி. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாராம், உடம்பில் ஒரு துண்டு வெட்டி எடுக்கப்பட்டதாம், எந்த இடத்தில் என்று சொல்லவில்லையாம். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து விடுவதற்கு எங்கள் நாட்டில் துண்டு வெட்டுவது என்று சொல்வோம். அது சென்னைப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அடுத்த வரியில் சிரிப்பு நின்றது. 'மனநலம்' என்ற தலைப்பின் கீழ் எழுதியிருந்தார்கள். ஐந்து வருடத்துக்கு முன், வளர்த்த காகம் ஒன்று செத்த கிழமையில், விண்ணப்பதாரர் மனம் வருந்தினார். சிகிச்சை இல்லை. பூரண சுகம். இருதய நோய் என்ற பெட்டியில் இல்லை என்று போட்டிருந்தார்கள்.

கதிரையில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப வாசித்தேன். எங்களுக்கு வருத்தம் என்றால் நோய். அந்தப் பிள்ளையின் ஊரில் வருத்தம் என்றால் கவலை. எங்களுக்குக் காக்கா என்றால் கூடப்பிறந்த மூத்தவர். அவளுக்குக் காக்கா என்றால் கூரையில் வந்து கத்துவது. மௌத்து என்ற சொல் அவளுக்குத் தெரியாது, அதனால் கேட்டுத் தெரிந்துகொண்டாள். தெரியும் என்று நினைத்த சொற்களைத்தான் அவள் கேட்கவில்லை. குசினிக்குள் நின்ற நானும் கேட்கவில்லை, எனக்கும் அவை தெரிந்த சொற்கள்.

அப்போது எனக்கு வந்த யோசனையை மறைக்காமல் சொல்கிறேன். பத்திரத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நாங்கள் பொய் சொல்லவில்லையே. உண்மையைச் சொன்னோம், கேட்டவர்களுக்குக் காது சரியில்லை. பேட்டியைப் பதிவு செய்கிறோம் என்று அவர்களே சொன்னார்கள். நாளைக்கு ஏதும் நடந்தால் அந்தப் பதிவையே எடுத்துப் போடச் சொல்லிக் கேட்கலாம். என்னுடைய மேசைக்கு வந்த யாராவது இப்படி நியாயம் பேசியிருந்தால் எழும்பிப் போகச் சொல்லியிருப்பேன்.

ஆனாலும் அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வாசித்துக் காட்டினேன். துண்டு வெட்டிய கதைக்கு என்னைப்போலவே சிரித்தார். பிறகு மற்ற வரியையும் வாசித்தேன். நான் என் நியாயத்தையெல்லாம் அடுக்கினேன். பதிவு இருக்கிறது, உண்மை எங்கள் பக்கம், ஒப்பரேசனுக்கு இதைவிட்டால் வழியில்லை என்றேன்.

"நான் மௌத்தான பிறகு நீ கம்பெனிக்காரனோட வழக்குப் பேசிக்கொண்டு நிப்பியா?" என்றார்.

நிற்பேன் என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, நின்றிருப்பேன்.

அவர் பத்திரத்தை வாங்கி, அந்த வரி எது என்று கேட்டு, விரலை வைத்துப் பார்த்தார்.

"வருத்தம் எண்டத கவல எண்டு எழுதினதுல எனக்குக் கோவம் இல்ல. அதுவும் இருந்திச்சுத்தானே. ஆனா என்ட காக்காவ காகம் எண்டு எழுதியிருக்கு. இந்தக் கடதாசிய என்ட வீட்டுக்குள்ள வெக்க ஏலா."

அந்தக் காக்கா யார் என்று எனக்குத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் விரட்டியபோது, உடுத்த உடுப்போடு வள்ளத்தில் கல்பிட்டிக் கரைக்கு வந்தவர்கள் என் கணவர் வீட்டார். உம்மாவைத் தோளில் தூக்கி இறக்கியவர் அந்தக் காக்கா. பிறகு புத்தளத்து உப்பளத்தில் கால் வெடிக்க வெடிக்க நின்று தம்பியை லண்டனுக்கு அனுப்பினார். தான் ஒருநாளும் விமானம் ஏறவில்லை. காக்காவின் மையித்தை அடக்க எடுத்த அன்று இவர் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் கதிரை எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றார். நாலாம் நாள்தான் நெஞ்சு பிடித்தது. என் நியாயத்தை நினைக்க எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அன்று பின்னேரமே கம்பெனிக்கு எழுதினேன். மூன்று சொற்களையும் விளக்கினேன். எந்தப் பெட்டியில் எது பிழை, எது சரி என்று வரிசையாகக் காட்டினேன். அப்படி ஒரு திருத்தக் கடிதம் அவர்களுக்கு வாழ்நாளில் கிடைத்திருக்காது. மொழிபெயர்த்த பிள்ளையைத் தண்டிக்க வேண்டாம் என்றும் ஒரு வரி சேர்த்தேன், அது அவர் சொல்லி எழுதியது.

இலங்கைத் தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து மறுபடி பேட்டி எடுத்தார்கள். புதுப் பத்திரம் வந்தது. காகம் போய்விட்டது, மூத்த சகோதரர் வந்துவிட்டார். இருதயமும் போய்விட்டது. இருதயமும் அதனால் வருகிற எதுவும் தவிர மற்ற எல்லா நோய்க்கும் காப்பு உண்டு என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். எதற்காக ஏழு மாதம் அலைந்தேனோ அது மட்டும் இல்லை. அழுகை வந்தது, அதைவிடக் கூடுதலாகக் கோபம் வந்தது. அவர் 'மூத்த சகோதரர்' என்ற வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பத்திரத்தைத் தன் கையாலேயே அலுமாரிக்குள் வைத்தார்.

"கால் கை ஈரல் எல்லாம் அவங்கட பொறுப்பு. நெஞ்சு எங்கட பொறுப்பு" என்றார்.

சரி, எங்கள் பொறுப்பென்றால் ஒழுங்காகப் பார்ப்போம் என்று முடிவெடுத்தேன். காப்புறுதி வரும் வரும் என்று இத்தனை மாதமும் பார்மசியில் டொக்டரின் பழைய சிட்டைக்குக் குளிசை வாங்கிக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரிக் கிளினிக்கின் வரிசையில் நிற்க எனக்குத்தான் பொறுமை இல்லை, அவருக்கு இருந்தது. அடுத்த கிளினிக் நாளில் முதல் பஸ்ஸிலேயே புத்தளத்துக்குப் போனோம். நோய் விபரம் எழுத ஒரு கொப்பி வாங்கி, இலக்கத் துண்டு எடுத்து, நீள வாங்கில் உட்கார்ந்தோம். கொழும்புக்குப் போக வேண்டி வந்தால் இங்கிருந்தே கடிதம் கொடுத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று பக்கத்தில் இருந்த ஒரு மனிதர் தன் நெஞ்சுத் தழும்பைக் காட்டியே சொன்னார். காத்திருக்க நான் தயார். ஏழு மாதம் பழகியிருக்கிறேன்.

எங்கள் இலக்கம் வந்தது. மேசையில் முக்காடு போட்ட ஒரு நடுவயதுப் பெண் கொப்பிகளில் எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே கேட்டார்.

"என்ன வருத்தம்?"

"நெஞ்சு வருத்தம்."

எழுதினார். "எப்ப வந்த?"

"அஞ்சு வருசம். காக்கா மௌத்தான கிழம."

பேனை நின்றது. அந்தப் பெண் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். "இன்னா லில்லாஹி" என்று மௌத்துச் செய்திக்குச் சொல்கிற வார்த்தையை மெதுவாகச் சொன்னார். பிறகு, "ஒரே காக்காவா?" என்று கேட்டார்.

"ஓம், ஒரே காக்கா" என்றார் என் கணவர். பின்னால் வரிசையில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஐந்து வருடமாக அழாத மனிதர் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார். யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்தப் பெண் அவர் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கொப்பியில் மிச்சத்தை எழுதி என்னிடம் நீட்டினார்.

நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. அப்படியே பைக்குள் வைத்தேன்.